பூஜை விடுமுறைக்குப் படகு கேட்டு வருகிறவர்கள்

ஆவணி முடிகிற சமயத்தில் நம் மேஜைக்கு முன்னால் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். மழை விட்டும் விடாமலும் இருக்கும். குடையை வாசலில் சாத்திவிட்டு, ஈரச் செருப்போடு வந்து நின்று, பூஜை விடுமுறைக்கு ஒரு படகு வேண்டும் என்பார்கள். அவர்கள் எல்லாருடைய மனதிலும் ஒரு படகு ஏற்கனவே இருக்கும். வெள்ளை வர்ணம், பச்சைச் சன்னல், மேல்தளத்தில் பிரம்பு நாற்காலி, காற்றில் புடைத்த பாய். அதைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் போகப்போகிற ஆற்றுக்கும், கூட வரப்போகிற மனிதர்களுக்கும் எந்தப் படகு சரி என்று பார்ப்பது நம் வேலை. இரண்டும் ஒரே படகாக அமைவது அபூர்வம்.

நான் இந்த மேஜையை விட்டு விலகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. தள்ளாத வயதும் இல்லை. இன்னும் பல காலம் உட்காரலாம் என்று ஆபீஸ் துரையே சொன்னார். என்னால்தான் உட்கார முடியவில்லை. ஏன் என்று புதிதாக வந்திருக்கும் நீங்கள் மரியாதைக்காகக் கேட்காமல் இருக்கிறீர்கள். அதனால் நானே எழுதுகிறேன். வாடகை விகிதம், ஒப்பந்த வாசகம், எந்த மாஜி, அதாவது படகோட்டி, எந்தத் துறையில் இருப்பான் என்பதெல்லாம் அலமாரியில் இருக்கிறது, போகப் போகப் பழகிவிடும். அலமாரியில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது காலை நேரத்துப் படித்துறைதான். கல்கத்தா ஸ்ட்ராண்ட் ரோட்டில் டிராம் ஓட ஆரம்பிக்கும் முன்பே நாங்கள் அங்கே இருப்போம். மூடுபனியில் படகுகளின் மூக்கு மட்டும் தெரியும். பெரிய வீடு போன்ற பஜ்ராக்கள் சற்றுத் தள்ளி நங்கூரத்தில் நிற்கும். கூரை தாழ்ந்த, இலேசான பௌலியாக்கள் கரையோடு ஒட்டி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். மாஜிகள் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே எங்களைக் கேலி செய்வார்கள். "மதராஸி பாபு வந்துட்டாரு, தண்ணி ஆழம் இருக்கான்னு ஆத்தையே கேட்பாரு" என்பான் ஒருவன். எனக்கு நீந்தத் தெரியாது என்பது படித்துறை முழுக்கத் தெரிந்த விஷயம்.

அப்போது இந்த மேஜைக்குத் தலைவராக இருந்தவரைப் பெரிய பாபு என்றே எல்லாரும் கூப்பிடுவோம். வடகல்கத்தாக்காரர். எப்போதும் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார், யாரிடமும் அதிகம் பேசமாட்டார். படகு கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் எத்தனை பேர், எத்தனை நாள், எவ்வளவு தூரம் என்று கேட்போம். அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு, வேறு ஏதோ யோசனையில் இருப்பவர்போல ஒன்றைக் கேட்பார்: "உங்களில் தானாக இறங்க முடியாதவர் யார்?"

ஒரு வருஷம் ஓர் இளம் பாரிஸ்டர் வந்தார். சிநேகிதர்களோடு பாய் விரித்து வேகமாகப் போக ஒரு பான்சி வேண்டும் என்றார். பான்சி ஒடுக்கமானது, காற்றுக்குப் பறக்கும், உட்காரத் தெரிந்தவர்களுக்குத்தான் சரிப்படும். பெரிய பாபு தம் கேள்வியைக் கேட்டார். பாரிஸ்டர் சிரித்தார். "எல்லாரும் வாலிபர்கள்" என்றவர், பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்பா மட்டும் சாந்திப்பூரில் ஏறிக்கொள்வார். கண் தெரியாது. இரண்டே நாள்தான்" என்றார்.

"அப்படியானால் பௌலியா" என்றார் பெரிய பாபு.

"நாங்கள் ஒன்பது பேர் பான்சியில் போக ஆசைப்படுகிறோம். இரண்டு நாள் வருகிறவருக்காகவா படகை மாற்றுவது?"

"ஒன்பது பேரும் எதில் போனாலும் போவீர்கள்."

அந்தப் பாரிஸ்டர் கோபித்துக்கொண்டு வேறு ஏஜெண்டிடம் போய்ப் பான்சியையே எடுத்துக்கொண்டார். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. சௌக்கியமாகத்தான் திரும்பியிருப்பார்கள். நல்ல வாடிக்கை ஒன்று போனதற்காகத் துரை பெரிய பாபுவைக் கடிந்துகொண்டார். மறுநாள் வந்தவரிடமும் அவர் அதே கேள்வியைத்தான் கேட்டார்.

அவருக்குப் பிறகு நான் அந்த நாற்காலிக்கு வந்தபோது, அந்தக் கேள்வியை மட்டும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். என் சொந்த வீட்டு விஷயத்திலும் கேட்கவேண்டி வந்தது.

என் மூத்த பெண் ஜானகிக்கு வரன் தேடிக்கொண்டிருந்த சமயம் அது. அவள் வயதுப் பெண்களுக்கெல்லாம் கல்யாணமாகிவிட்டது. கல்கத்தாவில் நம்மவர்கள் வீடு எத்தனை இருந்தன? பவானிபூரில் எங்கள் தெருவில் கொஞ்சம், அடுத்த தெருவில் கொஞ்சம். பாதிப் பேர் வீட்டில் பெண், மீதிப் பேர் பையனை ஊரில்தான் கல்யாணம் செய்வோம் என்பவர்கள். பெண்ணை இவ்வளவு தூரம் வடக்கே வளர்த்துவிட்டோமே, வங்காளம் பேசுகிற பெண்ணைத் தஞ்சாவூர்ப் பக்கம் யார் எடுப்பார்கள் என்று நானும் என் மனைவியும் படுக்கப்போகும்போதெல்லாம் பேசிக்கொள்வோம். அப்போதுதான் வைத்தியநாதையர் குடும்பம் ஜானகியைக் கேட்டது.

அவர் அரசாங்கக் கணக்கு இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தர். மகன் சென்னையில் சட்டம் படித்துக்கொண்டிருந்தான். ஜாதகம் பொருந்தியது. ஆனால் அந்த வீட்டில் முடிவு சொல்லவேண்டியவள் அவர் மனைவி, மாமிதான். அவள் உடனே முடிவு சொல்லவில்லை. மகாளய அமாவாசைக்குத் திரிவேணியில் தர்ப்பணம் செய்யப் படகில் போகப் போகிறோம், அப்படியே பூஜை விடுமுறையையும் ஆற்றில் கழிக்கலாம், உங்கள் பெண்ணும் எங்களோடு வரட்டும், நாலு நாள் கூட இருந்தால் தெரிந்துவிடும் என்று சொல்லியனுப்பினாள். என் மனைவி கைக்குழந்தையோடு வீட்டில் தங்கினாள். பெண்ணுக்குத் துணையாகவும், படகைத் தெரிந்தவன் என்றும் நான் போனேன்.

அவர்கள் பக்கம் ஐயர், மாமி, மாமியின் தங்கை பிள்ளைகள் மூன்று பேர். தங்கை காலமாகிவிட்டாள், குழந்தைகளை மாமிதான் வளர்த்தாள். நல்ல மாஜியாகப் பார்த்து, பாயும் துடுப்பும் சரியாக இருக்கிற ஒரு பௌலியாவை ஏற்பாடு செய்திருந்தேன்.

கிளம்புகிற காலையில் படித்துறைக்கு வந்ததும் ஐயர் ஆற்றுக்குள் பார்த்தார். ஒரு ஜமீன்தார் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டதால், ஒரு பெரிய பஜ்ரா காலியாக நங்கூரத்தில் நின்றுகொண்டிருந்தது. வெள்ளை வர்ணம், பச்சைச் சன்னல்.

"ஓய், அது காலியாத்தானே நிக்கறது?" என்றார்.

"காலிதான்."

"நமக்குக் கிடைக்குமோன்னோ?"

"கிடைக்கும். ஆனா வேண்டாம்னு பார்க்கறேன்."

"ஏன், எங்களைப் பார்த்தா பஜ்ராவிலே போறவா மாதிரி தெரியலையா?"

"அது கரைக்கு வராது. நடு ஆத்திலேதான் நிக்கும். மாமி ஸ்நானத்துக்கு வரணும்னா கயித்தேணியிலே இறங்கி, சின்னப் படகிலே ஏறி, கரைக்கு வரணும். காலம்பற ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. அந்த முழங்கால் வலியோட."

"என் முழங்கால் ஊர் பூராப் பேச்சாயிடுத்தா?" என்றாள் மாமி, குழந்தைகளின் மூட்டையை எண்ணிக்கொண்டே.

ஐயருக்கு முகம் சிவந்துவிட்டது. மடியாகச் சமைக்கிறவள், மாஜிகள் மீன் சமைக்கிற படகில் அடுப்பு மூட்டமாட்டாள், தினமும் கரையில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீர் பெண்ணைக் குடுக்க வந்திருக்கிறவரா, படகைக் குடுக்க வந்திருக்கிறவரா?"

படித்துறையில் எல்லாருக்கும் கேட்கும்படியாகத்தான் கேட்டார். ஜானகி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"இன்னிக்குப் படகு" என்றேன்.

பௌலியாவிலேயே ஏறினோம். ஏறும்போது ஜானகி என் பக்கத்தில் வந்து, "அப்பா, கொஞ்சம் விட்டுக்குடுத்திருக்கப்படாதா?" என்று மெதுவாகக் கேட்டாள். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது. வாடிக்கைக்காரரிடம் முடியாது என்று சொல்வது பழக்கமாகிவிட்டிருந்தது. பெண்ணைப் பெற்றவன் சம்பந்தியாகப் போகிறவரிடம் அதே குரலில் பேசலாமா என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன்.

ஆனாலும் அந்த இரண்டு நாளைப்போல ஒரு சந்தோஷம் எங்களுக்குப் பிறகு வாய்க்கவில்லை. மழை கழுவிய வானம். இரண்டு கரையிலும் நாணல்போன்ற காஷ்பூ வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. சணல் ஆலைப் புகைபோக்கிகள் பின்னால் போக, கோயில் படித்துறைகள் ஒவ்வொன்றாக வந்தன. காற்று இருந்தபோது பாய் விரித்தோம், இல்லாதபோது தாண்டிகள் என்கிற துடுப்புக்காரர்கள் பாட்டுப் பாடிக்கொண்டே துடுப்புப் போட்டார்கள். குழந்தைகள் மாஜியைச் சாச்சா என்று கூப்பிட்டு, வங்காளத்தில் அவனோடு ஓயாமல் பேசினார்கள். ஐயர் ஒவ்வொரு தடவை உள்ளே நுழையும்போதும் தாழ்ந்த உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டு, "பௌலியா" என்பார், திட்டுகிற மாதிரி. கடைசியில் குழந்தைகள் அவருக்கு முன்பே அதைச் சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு சமயம் அவரும் சிரித்துவிட்டார்.

மாமி ஜானகியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னவளுக்குத் தலை வாரிவிடச் சொன்னாள். புளி கரைக்கச் சொன்னாள். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் மாலை, தானாகவே, "உனக்கு ஆத்தைப் பார்த்தா பயமா இல்லையா?" என்று கேட்டாள்.

"அப்பா தினம் ஆத்துக் கதைதான் சொல்லுவார், மாமி. சாப்பிடறச்சே, தூங்கறச்சே. கேட்டுக் கேட்டுப் பயம் போயிடுத்து. அலுப்புதான் வரது."

மாமி சிரித்தாள். நான் கேட்காதவன்போல வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். காரியம் பழுத்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் அமாவாசைக்கு முந்தின நாள். ஸ்ரீராம்பூரைத் தாண்டி, சிதைந்துபோன ஒரு பழைய படித்துறையில் படகைக் கட்டியிருந்தோம். மேலே தூண்களோடு ஒரு மண்டபம், அதிலிருந்து ஆறு வரைக்கும் உடைந்த படிகள். நீர் வற்றிக்கொண்டிருந்தது. கடல் நீரின் ஏற்றம் வந்ததும் அதன் மேலேயே திரிவேணிக்குப் போவதாக ஏற்பாடு.

வங்காளிகள் பான் என்று சொல்வதை உங்களில் சிலர் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், ஆறு நன்றாக வற்றிக் கிடக்கும்போது, கடல் நீர் ஒரு சுவர்போல எழுந்து ஆற்றில் மேல்நோக்கி ஓடிவரும். நடு ஆற்றில் ஆழம் இருப்பதால் அது வெறும் உயர்ந்த அலைதான், படகு ஒருமுறை ஏறி இறங்கும். கரையோரத்தில் அது உடைந்து, கட்டியிருக்கிற படகைப் படியில் மோதி நொறுக்கிவிடும். அதனால் பான் வருகிறது என்று தெரிந்ததும் படகுகள் எல்லாம் கட்டை அவிழ்த்துக்கொண்டு நடு ஆற்றுக்கு ஓடும், கரையில் இருக்கிறவர்கள் மேலே ஏறுவார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆற்றில் ஆபத்து என்றால் கரைக்கு வருவதும், கரையில் ஆபத்து என்றால் படகைத் தேடி ஓடுவதும்தான் நமக்குத் தோன்றும்.

அன்று அது எந்த நேரத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு வெகு நேரம் முன்பே ஸ்நானம், சமையல் எல்லாம் முடிந்து எல்லாரும் படகில் இருக்கவேண்டும் என்று முந்தின மாலையே சொல்லியிருந்தேன். மாமியும் சரி என்று விடியும்போதே எழுந்துவிட்டாள்.

மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மூங்கில் கட்டி, மாமி தன் மடிப்புடவையை உலர்த்தியிருந்தாள். யார் கையும் படாமல் உலர்ந்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் அவள் அடுப்பைத் தொடுவாள். காலையில் அடித்த காற்றில் புடவை கீழே விழுந்து படியோடு போயிற்று. தாண்டிகளில் ஒருவன் ஓடிப்போய்ப் பிடித்தான். நல்ல பையன். மண்ணைத் தட்டி, நான்காக மடித்து, இரண்டு கையாலும் மாமியிடம் கொண்டுவந்து நீட்டினான்.

மாமி அவனைத் திட்டவில்லை. "நன்னா இரு" என்று தமிழிலேயே சொல்லி, ஒரு குச்சியால் புடவையை வாங்கிக்கொண்டு, மறுபடி நனைத்துப் பிழிய ஆற்றுக்கு இறங்கினாள். மறுபடி ஸ்நானம், ஈரப்புடவையோடு மறுபடி சமையல்.

"மாமி, இன்னிக்கு ஒரு வேளை அவலை ஊறவெச்சுச் சாப்பிட்டுக்கலாம். நாழியாயிடுத்து" என்றேன்.

"குழந்தைகள் நேத்து ராத்திரியும் அவல்தான் சாப்பிட்டது. இதோ ஆச்சு."

ஐயர் படகிலிருந்து, "ஆறு உம்ம ஆபீஸ் மாதிரி மணி பார்த்து வருமா, ஓய்?" என்றார்.

நான் செய்ய முடிந்ததைச் செய்தேன். குழந்தைகளை உள்ளே உட்காரவைத்தேன். கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும்படி மாஜி மாற்றிக் கட்டினான். ஜானகியைப் படியில் மாமிக்குத் துணையாக நிற்கச் சொன்னேன். மடியாக இருப்பவளைத் தொடக்கூடாது என்பதால் அவள் நாலு படி மேலே செம்போடு நின்றாள். மாமி கடைசிப் படியில், முழங்கால் அளவு நீரில், புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். படகுக்கும் அவளுக்கும் நடுவே கொஞ்சம் சேறும் கொஞ்சம் நீரும்.

முதலில் சத்தம் கரை வழியாகத்தான் வந்தது. கீழே ஏதோ கிராமத்தில் யாரோ கத்தினார்கள். அதைக் கேட்டு அடுத்த கிராமத்தில் கத்தினார்கள். "பான், பான்" என்று அது எங்களைத் தாண்டி மேலே ஓடிப்போயிற்று. அதற்குப் பின்னால் வண்டிகள் மரப்பாலத்தில் போவதுபோல ஓர் இரைச்சல். எதிர்க்கரையில் இருந்த மீன் படகுகள் ஏற்கனவே நடுவே போய்விட்டன.

மாமி திரும்பி எங்களைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். புடவையை மார்போடு அணைத்துக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய, படகை நோக்கி வர ஆரம்பித்தாள்.

மாஜி சுக்கானிலிருந்து என்னைப் பார்த்தான். நம் ஆபீஸ் ஆள் படகில் இருந்தால் அவர் வாயிலிருந்து வார்த்தை வரும்வரை மாஜி கட்டை அவிழ்க்கமாட்டான். உங்களுக்கும் அது தெரியும். எத்தனையோ வருஷமாக அது எனக்குப் பெருமையாக இருந்தது.

அவளை ஏற்ற இரண்டு பேர் இறங்கித் தூக்கவேண்டும். அந்த முழங்காலை மடக்கி விளிம்பைத் தாண்டவைக்க வேண்டும். அதற்குள் அலை வந்துவிட்டால் படகு படியில் இருக்கும். உள்ளே மூன்று குழந்தைகள். படகு போய்விட்டால் அவள் வருவதற்கு இடமில்லை, மேலேதான் ஏறவேண்டும். யோசித்து இதையெல்லாம் வரிசைப்படுத்தினேன் என்று சொன்னால் பொய். எழுதும்போதுதான் வரிசையாக வருகிறது.

"ஜானகி, மேலே" என்று கத்தினேன். மாஜியிடம், "தேலோ" என்றேன். தள்ளு என்று அர்த்தம்.

கயிறு ஒரே இழுப்பில் வந்தது. பௌலியா இலேசானது. துடுப்புகள் நாலு தடவை விழுவதற்குள் கரையை விட்டு வந்துவிட்டோம். ஐயர் என் சட்டையைப் பிடித்தார். "நிறுத்துடா, என் ஆத்துக்காரிடா" என்று கத்திக்கொண்டு நீரில் குதிக்கப் பார்த்தார். நான் அவரை உள்ளே தள்ளி, வாசலை அடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்து நின்றேன். அவர் என் நெஞ்சில் குத்தினார். எனக்கு முன்னால் அவரும் குழந்தைகளும். என் முதுகுக்குப் பின்னால் கரை.

அலை வந்தபோது படகு மூக்கைத் தூக்கி ஏறியது, ஒரு கணம் நின்றது, இறங்கியது. பாத்திரங்கள் எல்லாம் ஒரு பக்கமாக உருண்டன. சின்னவள் என் காலைக் கட்டிக்கொண்டாள். நடு ஆற்றில் அவ்வளவுதான். கரையில் அது உடைகிற சத்தத்தை மட்டும் கேட்டேன்.

நான் திரும்பவில்லை. மாஜிதான் சொன்னான். "பாபு, பொண்ணு இருக்கு. ரெண்டு பேரும் இருக்காங்க."

அப்போதுதான் பார்த்தேன். நாங்கள் கட்டியிருந்த இடம், படிகள், சேறு, எல்லாம் பழுப்பு நீராகச் சுழன்றுகொண்டிருந்தது. மண்டபத்துத் தரையில் மாமி உட்கார்ந்திருந்தாள். ஜானகி அவளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

நீர் அடங்கி நாங்கள் திரும்பக் கரைக்கு வர வெகு நேரம் ஆயிற்று. படகு சேரும் முன்பே ஐயர் குதித்து ஓடினார். மாமியின் முழங்கால் இரண்டும் உராய்ந்து ரத்தமாக இருந்தது. மடிப்புடவை ஆற்றோடு போய்விட்டது. ஜானகி அவள் மணிக்கட்டை அப்போதும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். படகைத் தேடி வந்தவளைச் சேற்றிலிருந்து பிடித்து இழுத்து, வரமாட்டேன் என்றவளைப் படி படியாகத் தரதரவென்று மேலே கொண்டுபோயிருக்கிறாள்.

மாமி என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்: "இவளை விடச் சொல்லுங்கோ. தொட்டுண்டே இருக்கா."

"விட்டுடும்மா" என்றேன். ஜானகி விடவில்லை. விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரிக்கவேண்டியிருந்தது.

திரிவேணிக்குப் போனோம். மறுநாள் தர்ப்பணம் செய்தோம். ஐயர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடுமுறை அத்தோடு முடிந்தது.

கல்கத்தா திரும்பியதும் அவர் சொன்னதெல்லாம் என் காதுக்கு வந்தது. பெண்டுகளைக் கரையில் விட்டுவிட்டுப் படகை ஓட்டிக்கொண்டு போனவன், சொந்தப் பெண்ணையே விட்டவன், அந்த வீட்டில் என்ன சம்பந்தம் என்றாராம். கோயிலில் எதிரே பார்த்தபோது நேரிலேயே சொன்னார். "பஜ்ரா எடுத்திருந்தா அது நடு ஆத்திலேயே நின்னிருக்கும். குழந்தைகளும் நானும் அதிலே இருந்திருப்போம். தள்ளறதும் இல்லை, விடறதும் இல்லை. நீர்தானே ஓய், கரைக்கு வர படகுதான் வேணும்னீர்."

அந்தப் பஜ்ராவை அன்று வேறு குடும்பம் எடுத்துக்கொண்டு போய், ஒரு கீறலும் இல்லாமல் திரும்பியிருந்தது. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பஜ்ராவாக இருந்தால் அதே முழங்காலோடு மாமி கயிற்றேணியில் இறங்கி, சின்னப் படகில் வந்து, அதே படியில்தான் நின்றிருப்பாள் என்று பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாம் கொடுக்காத படகு எப்போதும் பத்திரமாகத்தான் இருக்கும். அதோடு போட்டி போட்டு யாரும் ஜெயித்ததில்லை. இன்று அதே மனிதர்கள் வந்து கேட்டாலும் நான் பௌலியாவைத்தான் காட்டுவேன். காட்டுகிறபோது பயமாக இருக்கும், அதுதான் வித்தியாசம்.

அந்தப் பயம்தான் நிற்கவில்லை. ஆபீஸில் யாராவது வந்து, நாங்கள் ஆறு பேர், என் மனைவி, இரண்டு பெண்கள் என்று சொல்ல ஆரம்பித்ததும், எந்தப் படித்துறை, யார் கரையில் நிற்பார்கள் என்று மனது ஓடிவிடும். பதில் சொல்லாமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பயப்படுகிறவன் அந்த நாற்காலியில் இருக்கலாம், பெரிய பாபுவும் பயந்தவர்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் வாயிலிருந்து வார்த்தை வராதவன் இருக்கக்கூடாது. மாஜி அங்கே காத்துக்கொண்டிருப்பான். அதனால் விலகினேன். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். கேள்வியைக் கேளுங்கள், படகைக் காட்டுங்கள், காட்டிய பிறகு அது உங்கள் படகு. என்ன நடந்தாலும் வேறு ஒன்றைக் கொடுத்திருக்கலாமோ என்று ராத்திரியில் உட்கார்ந்து மாற்றிப் பார்க்காதீர்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பிரயோஜனம் இல்லை.

சம்பந்தம் போய்விட்டது என்றே வீட்டில் எல்லாரும் நினைத்தோம். கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம் மாமி தனியாகக் குதிரை வண்டியில் வந்தாள். இன்னும் நொண்டிக்கொண்டுதான் நடந்தாள். என்னோடு பேசவில்லை. உள்ளே போய் என் மனைவியிடம் கொஞ்ச நேரமும், ஜானகியிடம் கொஞ்ச நேரமும் பேசினாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொள்ளும்போது, "தையிலே வெச்சுண்டுடலாம். அவரை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள்.

தையில் கல்யாணம் நடந்தது. ஐயர் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவர்கள் மனது எப்படி மாறியது என்று எனக்கு விளங்கவில்லை. பெண்ணின் கைப்பிடியை மாமி மறக்கவில்லை போலிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஜானகி புக்ககம் போகிறதற்கு முந்தின நாள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"அப்பா, அன்னிக்குப் படகைத் தள்ளச் சொன்னேளே, அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்தேளா?"

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"பார்த்திருந்தா திரும்பி வரச் சொல்லியிருப்பேன்."

அவள் இன்னும் இரண்டு புடவையை மடித்து வைத்தாள்.

"மாமி அதைத்தான் கேட்டா. அன்னிக்கு வந்தாளே, அப்போ. ‘தள்ளச் சொன்னது சரி, அதை நான் குத்தம் சொல்லலை. உங்கப்பா திரும்பியாவது பார்த்தாரா, எனக்குத் தெரியலை, நீ பார்த்தியா’ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"கண்ணை எடுக்காம எங்களையே பார்த்துண்டிருந்தார்னு சொன்னேன்."

அவள் பெட்டியை மூடி, அழுத்திப் பூட்டினாள்.

"உங்களைக் கேட்டாலும் அப்படியே சொல்லிடுங்கோ, அப்பா. மாத்திச் சொல்லிடாதீங்கோ."

சம்பந்தியம்மாள் இதுவரை கேட்கவில்லை. பண்டிகைக்கு அவர்கள் வீட்டுக்குப் போய்க் கூடத்தில் உட்காரும்போதெல்லாம், இன்று கேட்டுவிடுவாளோ என்று இருக்கிறது. உங்களில் இரண்டு பேர் பவானிபூர்க்காரர்கள். வீட்டில் இதையெல்லாம் சொல்லும்போது, தயவுசெய்து மாமி நொண்டிக்கொண்டு வந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.